மூன்றாவது ஆட்டம்

2003 மார்ச் 26 அன்று கிளீவ்லாந்து நகரின் கண்ட் அரங்கில் பள்ளி மாணவர்களுக்கான கூடைப்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. மெக்டொனால்ட்ஸ் ஆல்-அமெரிக்கன் கேம் என்று அதற்குப் பெயர். அமெரிக்கா முழுவதும் சலித்துப் பொறுக்கிய பையன்கள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு அணியாகப் பிரிந்து ஆடினார்கள். 27 புள்ளிகள் எடுத்து ஆட்டநாயகன் விருது வாங்கியவர், பக்கத்து ஊரான ஆக்ரனைச் சேர்ந்த லெப்ரான் ஜேம்ஸ். வயது 18. பள்ளிப் படிப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. சில நாள் கழித்து சிகாகோவில் ரவுண்ட்பால் கிளாசிக். அதிலும் ஆட்டநாயகன் விருது. ஏப்ரலில் வாஷிங்டனில் ஜோர்டன் கேபிட்டல் கிளாசிக், அங்கும் விருது.

அந்த மூன்றாவது ஆட்டத்துக்கு அவர் களமிறங்கியதோடு, அவருடைய கல்லூரிக் கூடைப்பந்து தொடங்கும் முன்பே முடிந்துபோனது. பள்ளி மாணவர் ஒருவர் இரண்டு ஆல்-ஸ்டார் ஆட்டங்கள் வரை ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி அடிபடும் என்பது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் அன்றைய விதி. லெப்ரானுக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை. தொழில்முறை லீகின் ஜூன் மாத வீரர் தேர்வில் கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணி முதல் ஆளாக அவரை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே நைக்கி நிறுவனத்துடன் சுமார் 9 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆகியிருந்தது.

ஆனால் அந்த அரங்குகளில் அவரோடு ஆடிய மற்றப் பையன்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் ஆடினார்கள். இது ஒன்று, இது இரண்டு, இனி அழைப்பு வந்தால் கும்பிடு போட்டு மறுத்துவிட வேண்டும். கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு ஆட்டம் கூடிப்போவது, ஒரு வீட்டின் பல வருடச் சேமிப்பு கைநழுவிப் போவதற்குச் சமம்.

இரண்டு மணி நேரம் நடக்கும் ஒரு கண்காட்சி ஆட்டத்துக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

ஆல்-ஸ்டார் ஆட்டம் என்பது சாம்பியன்ஷிப் அல்ல. யார் ஜெயித்தாலும் எந்தப் பட்டியலிலும் இடம் மாறாது. ஒரு மாவட்டத்தின், மாநிலத்தின், சில சமயம் நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களை ஒரே களத்தில் நிறுத்திப் பார்க்கும் திருவிழா அது. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ‘சீனியர்’ எனப்படும் 12ஆம் வகுப்பு மாணவர்கள். நம் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ. வருமானம் பெரும்பாலும் தர்மக் காரியத்துக்குப் போகும். பல மாநில ஃபுட்பால் ஆல்-ஸ்டார் ஆட்டங்களில் (அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஒரு அணியில் எல்லோரும் ஒரே நிற ஜெர்சி அணிந்திருப்பார்கள், தலைக்கவசம் மட்டும் அவரவர் பள்ளியுடையதாக இருக்கும். நீலம், சிவப்பு, தங்கம் என்று ஒரே அணிக்குள் பத்துப் பதினைந்து பள்ளிகளின் சின்னங்கள் வரிசையாக நிற்பது பார்க்கவே நிறைவான காட்சி. அந்தப் பையன் இன்னும் யாருடைய பிள்ளை என்பதையும் அந்தத் தலைக்கவசம் சொல்லிவிடுகிறது. அவன் இன்னும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. சிக்கலெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பள்ளி விளையாட்டுக்கு அமெரிக்காவில் ஒற்றைத் தலைமை கிடையாது. 50 மாநிலங்களுக்கும் தலைநகரப் பகுதிக்கும் தனித்தனிச் சங்கங்கள். இவற்றுக்குப் பொதுவாக 1920இல் தோன்றிய ஒரு தேசியக் கூட்டமைப்பு உண்டு. ஆட்ட விதிகளை எழுதுவது அது. ஆனால் எந்த மாணவர் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்பதை அந்தந்த மாநிலச் சங்கம்தான் முடிவு செய்கிறது. ஆண்டுதோறும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் பதிவாகும் களம் இது. இவர்களில் சிலர் கல்லூரிக்குப் போய் ஆடுவார்கள், அங்கே என்.சி.ஏ.ஏ.வின் விதிப் புத்தகம் காத்திருக்கும். ஆக, ஒரு ஆல்-ஸ்டார் அழைப்பு வீட்டுக்கு வந்தால் அது இரண்டு விதிப் புத்தகங்களுக்கும் பொருந்த வேண்டும். பள்ளிச் சங்கம் அனுமதித்ததைக் கல்லூரி அமைப்பு தடுக்கலாம். ஒரு மாநிலத்தில் பிரச்சினை இல்லாத காரியம், ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய அடுத்த மாநிலத்தில் தண்டனைக்குரியதாக இருக்கலாம்.

அந்தத் தேசியக் கூட்டமைப்பும் என்.சி.ஏ.ஏ.வும் இன்று ஒரே ஊரில்தான் இருக்கின்றன: இண்டியானாபொலிஸ். பள்ளி ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் மிகப் பழைய மரபுகளில் ஒன்று வேர்விட்டதும் அங்கேதான். 1939இல் அந்த ஊரின் நாளிதழான இண்டியானாபொலிஸ் ஸ்டாரின் ஆதரவில், இண்டியானா மாநிலத்தின் சிறந்த பள்ளிக் கூடைப்பந்து வீரர்களைக் கொண்ட அணி ஒன்று உருவானது. அதில் முதல்வருக்கு ‘மிஸ்டர் பாஸ்கெட்பால்’ பட்டமும் 1ஆம் எண் ஜெர்சியும். அடுத்த ஆண்டிலிருந்து அண்டை மாநிலமான கெண்டக்கியுடன் மோதல். திரண்ட பணம் பார்வையற்றோர் நலனுக்கு. முதல் மிஸ்டர் பாஸ்கெட்பால் ஆன ஜார்ஜ் குரோ, ஃபிராங்க்ளின் ஊரைச் சேர்ந்த கறுப்பின மாணவர். பின்னாளில் பேஸ்பாலின் மேஜர் லீகில் ஆடிப் பெயர் பெற்றார். 1956இல் அதே பட்டத்தை வாங்கியவர், கூடைப்பந்து வரலாற்றின் பெரும் பெயர்களில் ஒன்றான ஆஸ்கர் ராபர்ட்சன். ஒரு மாநிலமே தன் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் ஏற்பாடு அது.

தர்மத்துக்காகத் தொடங்கிய ஆட்டத்தில் வியாபாரம் எப்படி நுழைந்தது என்பதற்கு பிட்ஸ்பர்க் போக வேண்டும்.

1965. சன்னி வக்காரோ என்ற இருபதுகளில் இருந்த இளைஞர், நண்பர் ஒருவரோடு சேர்ந்து டாப்பர் டான் ரவுண்ட்பால் கிளாசிக் என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். பென்சில்வேனியாவின் பள்ளி நட்சத்திரங்கள் ஒரு பக்கம், நாட்டின் மற்றப் பகுதிகளின் நட்சத்திரங்கள் மறுபக்கம். தேசிய அளவில் பள்ளி வீரர்களைத் திரட்டிய முன்னோடி ஆட்டங்களில் இதுவும் ஒன்று. அந்த நாளில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் நல்ல பையன் ஒருவனைப் பார்க்க வேண்டும் என்றால் கார் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டும். இங்கோ, இருபது பையன்கள் ஒரே கூரையின் கீழ். பயிற்சியாளர்கள் குவிந்தார்கள். எங்கே வாங்குகிறவர்கள் கூடுகிறார்களோ அங்கே சந்தை கூடிவிடும். 1977இல் வக்காரோ நைக்கி நிறுவனத்துக்குப் போனார். 1984இல் மைக்கேல் ஜோர்டனை அந்த நிறுவனம் ஒப்பந்தம் செய்ததில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 2023இல் வந்த ‘ஏர்’ திரைப்படத்தில் மேட் டேமன் நடித்தது இவருடைய வேடத்தில்தான். பள்ளிப் பிள்ளைகளின் ஒரு நாள் ஆட்டத்தை நடத்தியவர், உலகின் மிகப் பெரிய ஷூ வியாபாரத்தின் நடுவில் போய் நின்றார். இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

விதி எழுதியவர்களின் பயம் இதிலிருந்து விளங்கும். கட்டுப்பாடு இல்லாவிட்டால் மார்ச் முதல் ஜூன் வரை வாரத்துக்கு ஒரு ஆட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் விமான டிக்கெட் அனுப்புவார்கள், பை நிறைய ஷூவும் சட்டையும் கொடுப்பார்கள். பையன் வகுப்பறையை மறந்துவிடுவான். கடைசிப் பரீட்சையில் கோட்டை விட்டால், கல்லூரி வாசல் திறந்திருந்தும் உள்ளே போக முடியாது. ஒரு தவறான குதிப்பில் முழங்கால் திருகிக்கொண்டால், ஆட்டத்தை நடத்தியவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார், வலி வீட்டோடு தங்கிவிடும். இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. விதியே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் 17 வயதுப் பிள்ளையின் வீட்டு வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

விதிகளின் வடிவம் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். அந்த விளையாட்டில் பள்ளிக்காக ஆடும் காலம் முழுதாக முடிந்திருக்க வேண்டும். அதாவது 12ஆம் வகுப்பு மாணவராக இருக்க வேண்டும், அந்த ஆண்டின் சீசனும் ஓய்ந்திருக்க வேண்டும். சீசன் நடக்கும்போதே வெளியாரின் ஆல்-ஸ்டார் அணியில் ஆடினால் பள்ளி அணியில் இடம் போகலாம். 11ஆம் வகுப்பு மாணவர் ஆடினால், அடுத்த ஆண்டு முழுவதையும் பணயம் வைத்ததாகலாம். எத்தனை ஆட்டம், யார் நடத்துகிறார், சங்கத்தின் ஒப்புதல் உண்டா, பள்ளியின் கருவிகளைப் பயன்படுத்தலாமா, பரிசாக என்ன வாங்கலாம் என்பவையெல்லாம் அதன் மேல் அடுக்கப்படும் நிபந்தனைகள்.

இதில் கால அட்டவணை ஒரு பொறி. அமெரிக்கப் பள்ளியில் ஒரே பிள்ளை மூன்று பருவத்தில் மூன்று விளையாட்டு ஆடுவது சாதாரணம். ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். இலையுதிர் காலத்தில் வாலிபால், குளிர்காலத்தில் கூடைப்பந்து, வசந்தத்தில் சாஃப்ட்பால். வாலிபால் சீசன் நவம்பரில் முடிந்தது. ஆல்-ஸ்டார் அழைப்பு வந்தது. அவள் ஆடலாமா? வாலிபாலில் அவளுக்கு இழக்க ஒன்றும் இல்லை. ஆனால் கூடைப்பந்தும் சாஃப்ட்பாலும் மிச்சம் இருக்கின்றனவே! இல்லினாய் மாநிலச் சங்கத்தின் விதி இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. ஃபுட்பால், கூடைப்பந்து, சாக்கர், வாலிபால் ஆகியவற்றில் பள்ளித் தகுதிக் காலத்தை முடித்தவர், சீசன் ஓய்ந்தபின் மூன்று ஆல்-ஸ்டார் ஆட்டங்கள் வரை ஆடிவிட்டு, மற்ற விளையாட்டுகளில் தன் பள்ளிக்காகத் தொடரலாம். இந்த வரம்பை மீறினால் அந்த மற்ற விளையாட்டுகளில் தகுதி போகலாம். வாலிபால் களத்தில் செய்த தவறுக்கு சாஃப்ட்பால் களத்தில் தண்டனை. பள்ளி ஆண்டு மலரில் தன் படம் எந்த அணியோடு வரும் என்பதை அந்த மாணவி விதிப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஃபுட்பாலில் சீசன் டிசம்பருக்குள் முடிந்துவிடுவதால் பெரிய ஆல்-ஸ்டார் ஆட்டங்கள் ஜனவரியின் தொடக்கத்தில் வருகின்றன. 2000இல் தொடங்கி நீண்ட காலம் அமெரிக்க ராணுவத்தின் பெயரைத் தாங்கி, சான் அன்டோனியோ நகரில் நடந்துவந்த ஆல்-அமெரிக்கன் பவுல் அவற்றில் புகழ் பெற்றது. ஆட்டத்தின் நடுவே மேசை போட்டு, பல கல்லூரிகளின் தொப்பிகளை அதன்மேல் வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு பையன் அதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வான். தான் சேரப்போகும் கல்லூரியை நேரலையில் நாட்டுக்கே அறிவிக்கும் சடங்கு அது. 17, 18 வயதில் இவ்வளவு வெளிச்சம் ஒரு பிள்ளைமேல் விழுவது நல்லதா என்ற கேள்வி, அந்தக் காட்சியைப் பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் வராமல் இருக்காது.

பரிசு விஷயத்துக்கு மறுபடியும் லெப்ரானிடம்தான் வர வேண்டும், ஏனெனில் அவர் கதையில் எல்லா விதிகளும் ஒரே ஆண்டில் வந்து மோதின. ஆல்-ஸ்டார் ஆட்டங்களுக்கு இரண்டு மாதம் முன்பு, 2003 ஜனவரியில், அவருடைய தாய் மகனின் 18ஆவது பிறந்தநாளுக்கு ஹம்மர் கார் ஒன்று வாங்கிக் கொடுத்தது விசாரணைக்கு உள்ளானது. அவருடைய மாநிலமான ஒஹாயோவின் பள்ளி விளையாட்டுச் சங்கம் தோண்டித் துருவி, விதிமீறல் இல்லை என்றது. சில நாட்களில் வேறொரு சேதி. கிளீவ்லாந்தின் கடை ஒன்று அவருக்கு இரண்டு பழைய மாடல் ஜெர்சிகளைப் பணம் வாங்காமல் கொடுத்திருந்தது. அவருடைய படங்களைக் கடைச் சுவரில் மாட்டிக்கொள்வதற்காக. இரண்டின் விலை சேர்த்து 845 டாலர். ஒஹாயோவில் பள்ளி மாணவர் தன் ஆட்டப் புகழைக் கொண்டு 100 டாலருக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. ஜனவரி 31 அன்று சங்கம் அவரைத் தகுதி நீக்கியது. சீசனின் மிச்சம் முழுவதும் ஆடக்கூடாது என்பது தீர்ப்பு.

குடும்பம் நீதிமன்றம் போனது. நீதிபதி தண்டனையை இரண்டு ஆட்டங்களாகக் குறைத்தார். ஒரு வெற்றியைப் பள்ளி விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் படித்த செயின்ட் வின்சென்ட்-செயின்ட் மேரி பள்ளி அணிக்கு அந்த சீசனின் ஒரே தோல்வியாகப் பதிவானது அதுதான். களத்தில் ஆடித் தோற்றதல்ல. நீதிமன்றத்திலிருந்து திரும்பி ஆடிய முதல் ஆட்டத்தில், நியூ ஜெர்சியின் டிரென்டன் நகரில், லெப்ரான் 52 புள்ளிகள் எடுத்தார்.

இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. அந்த சீசனில் அவருடைய ஆட்டங்கள் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஒளிபரப்பாயின. பள்ளிக்கூடத்து அரங்கம் போதாமல் பெரிய அரங்குகளில் டிக்கெட் விற்றது. பத்திரிகைகள் அட்டையில் படம் போட்டன. அத்தனை பேரும் எதையோ பெற்றார்கள், அதில் விதிமீறல் எதுவும் இல்லை. இரண்டு சட்டை வாங்கிய மாணவர் மட்டும் தகுதி இழந்தார். விதி தவறென்று சொல்ல முடியாது. பிள்ளைகளைப் பணத்திலிருந்து காக்கத்தான் அது வந்தது. ஆனால் தண்டனை முழுவதும் பிள்ளையின் தலையில் மட்டும் விழும்படி எழுதப்பட்டிருந்தது. ஆல்-ஸ்டார் விதிகளிலும் இதே கோணல் இருக்கிறது. மூன்றாவது ஆட்டத்துக்கு அழைத்தவர், டிக்கெட் அனுப்பியவர், அரங்கத்தை வாடகைக்குக் கொடுத்தவர் யாரும் எதையும் இழப்பதில்லை. ஆடிய பிள்ளைக்குத்தான் கல்லூரி போகிறது. தர்மம் பேசும் ஒரு விதி, வலுவானவரை விட்டுவிட்டு எளியவரை மட்டும் பிடிக்குமானால், அதைத் திருத்தி எழுதும் கடமை பெரியவர்களுக்கு உண்டு.

நீதிமன்றங்கள் இதில் பெரும்பாலும் சங்கங்களின் பக்கமே நின்றிருக்கின்றன. டெக்சாஸில் ஒரு காலத்தில், கோடை விடுமுறையில் கூடைப்பந்துப் பயிற்சி முகாமுக்குப் போன மாணவருக்கு ஓராண்டு பள்ளி அணியில் ஆடும் தகுதி போய்விடும் என்று விதி இருந்தது. என் பிள்ளையின் கோடை விடுமுறையை நான் தீர்மானிக்கக் கூடாதா என்று பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றம் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1981இல் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. பிள்ளையைக் கோடை முகாமுக்கு அனுப்புவது அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை ஆகாது, பள்ளிகளுக்கிடையே சமநிலை வேண்டும் என்ற சங்கத்தின் நோக்கம் நியாயமானது என்பது அதன் முடிவு. ‘கைட் எதிர் மார்ஷல்’ என்ற அந்த வழக்கை விளையாட்டுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதே காலத்தில் வட கரோலினாவில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டால் அந்த விதியின் கனம் தெரியும். 1980 கோடையில் ஃபைவ்-ஸ்டார் முகாமுக்குப் போன பிறகுதான் மைக்கேல் ஜோர்டன் என்ற பள்ளி மாணவரின் பெயர் நாட்டுக்குத் தெரிந்தது. மறு ஆண்டு மெக்டொனால்ட்ஸ் ஆட்டத்தில் அவர் 30 புள்ளிகள் எடுத்தார். முகாம், ஆல்-ஸ்டார் ஆட்டம் இரண்டும் சேர்ந்து ஒரு பிள்ளையை உலகுக்குக் காட்டுகின்றன. யாருக்கு அந்த வாசல் திறக்கும் என்பது அவர் எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்தது.

பெண் பிள்ளைகளுக்கு அந்த வாசல் இன்னும் தாமதமாகவே திறந்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972இல் வந்தது. அதற்குப் பிறகு 1976இல் இண்டியானா தன் முதல் ‘மிஸ் பாஸ்கெட்பால்’ பட்டத்தை வார்சா ஊரின் ஜூடி வாரனுக்குக் கொடுத்தது. பையன்களுக்குப் பட்டம் வந்து 37 ஆண்டுகள் ஆகியிருந்தன. மெக்டொனால்ட்ஸ் ஆட்டம் 1978இல் தொடங்கியது. பெண்களுக்கான ஆட்டம் 2002இல்தான் சேர்ந்தது. வந்த இரண்டே ஆண்டில், 2004இல், கேண்டஸ் பார்க்கர் அந்த விழாவின் டங்க் போட்டியில் பையன்களையே தோற்கடித்துப் பரிசு வாங்கினார். அத்தனை காலமும் விதி எண்ணிக்கொண்டிருந்த ‘இரண்டு ஆட்டம்’, பல பெண்களுக்குச் சுழியமாகவே இருந்தது. 2020இல் கெய்ட்லின் கிளார்க் உள்ளிட்டவர்கள் தேர்வாகியும் ஆட முடியவில்லை. கொரோனாவால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஆட்டம் ரத்தானது.

இன்று பண விதிகள் தலைகீழாக மாறிக்கொண்டிருக்கின்றன. 2021 ஜூலை 1 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. வழிவிட்டது. பள்ளி அளவிலும் பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் அதை ஏற்றுக்கொண்டன. ஒஹாயோ பள்ளிகள் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி வேண்டாம் என்றன. 2025 நவம்பரில் மறுபடி வாக்களித்து ஏற்றுக்கொண்டன. 845 டாலர் ஜெர்சிக்காக ஒரு மாணவர் தகுதி இழந்த மாநிலத்தில், இன்றைய மாணவர் பள்ளிச் சின்னத்தைப் பயன்படுத்தாமல் விளம்பர ஒப்பந்தம் போடலாம். ஆனாலும் ஆல்-ஸ்டார் அழைப்பு வரும் வீட்டில் பழைய கேள்விகள் அப்படியே இருக்கின்றன. சீசன் முடிந்ததா, சங்கம் ஒப்புதல் தந்ததா, இது எத்தனையாவது ஆட்டம். அழைப்பில் கையெழுத்துப் போடும் முன் பள்ளியின் விளையாட்டு இயக்குநரிடம் எழுத்தில் கேட்டு வாங்கும் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. அதைச் சொல்லித்தர ஆள் இல்லாத குடும்பம்தான் மாட்டிக்கொள்கிறது.

எழுதிய விதிகளைப் பற்றித்தான் இதுவரை பேச்சு. ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் வரலாற்றில் மிகக் கொடிய தகுதி விதி எங்கும் எழுதப்படாதது.

வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் சிறந்த பள்ளி ஃபுட்பால் வீரர்கள் மோதும் ஷ்ரைன் பவுல் ஆட்டம் 1937இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் அது சார்லட் நகரில் நடந்தது. வருமானம் உடல் ஊனமுற்ற குழந்தைகளின் மருத்துவமனைக்கு. நடக்க முடியாத பிள்ளைகளுக்காக ஓடத் தெரிந்த பிள்ளைகள் ஓடும் ஆட்டம் என்று ஊரே பெருமைப்பட்டது. ஆனால் 1965 வரை அந்தக் களத்தில் ஒரு கறுப்பின மாணவர்கூடக் கால் வைத்ததில்லை. பள்ளிகளே நிறத்தால் பிரிந்திருந்தன, விளையாட்டுச் சங்கங்களும் தனித்தனி. கறுப்பர் பள்ளியில் படித்தவர் தேர்வுப் பட்டியலின் எல்லைக்குள்ளேயே வர முடியாது.

1965இல் ஜிம்மி லீ கிர்க்பாட்ரிக் என்ற மாணவர், கறுப்பர் பள்ளியான செகண்ட் வார்டிலிருந்து வெள்ளையர் பள்ளியான மையர்ஸ் பார்க்குக்கு வந்து சேர்ந்தார். கடைசி ஆண்டுப் படிப்பு. அவர் ஓடிய ஓட்டத்தில் அணி ஒரு தோல்வியும் இல்லாமல் மாநிலச் சாம்பியன் ஆனது. இப்போது பழைய சாக்கு எதுவும் செல்லாது. சீனியர், சரியான சங்கத்தின் பள்ளி, சார்லட் நகரமே பேசும் ஆட்டக்காரர். எழுதியிருந்த நிபந்தனை அத்தனையும் அவருக்குப் பொருந்தியது. பட்டியல் வெளியானபோது அவர் பெயர் இல்லை.

ஜூலியஸ் சேம்பர்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் வழக்குப் போட்டார். பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழிக்கும் ‘ஸ்வான்’ வழக்கில், 1971இல் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி பெறப்போகிறவர் அவர். வழக்குப் போட்ட சில நாட்களில், 1965 நவம்பர் 22 அதிகாலையில், சார்லட்டில் நான்கு வீடுகளில் குண்டுகள் வெடித்தன. சேம்பர்ஸின் வீடு ஒன்று. கெல்லி அலெக்சாண்டர், அவருடைய சகோதரரும் நகரமன்ற உறுப்பினருமான ஃபிரெட் அலெக்சாண்டர், பல் மருத்துவர் ரெஜினால்ட் ஹாக்கின்ஸ் ஆகிய சிவில் உரிமைத் தலைவர்களின் வீடுகள் மற்ற மூன்று. உள்ளே குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்தன. அதிர்ஷ்டவசமாக எவருக்கும் காயமில்லை. அந்தக் குற்றத்துக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

ஒரு பள்ளி மாணவரைக் கண்காட்சி ஆட்டமொன்றில் சேர்த்துக்கொள்ளச் சொன்னதை ஒட்டி நடந்தது இது. அந்த ஆண்டின் ஷ்ரைன் பவுல் கிர்க்பாட்ரிக் இல்லாமலே நடந்து முடிந்தது. மறு ஆண்டு, 1966இல், முதல் முறையாகக் கறுப்பின மாணவர்கள் அந்தக் களத்தில் ஆடினார்கள். கிர்க்பாட்ரிக் அதற்குள் இண்டியானாவில் இருக்கும் பர்டூ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார். ஷ்ரைன் பவுலில் ஆட ஒரு மாணவருக்குக் கிடைப்பது ஒரே ஆண்டுதான். அவருடைய ஆண்டு 1965.